மணிக்கட்டில் பிளேட் வைத்த பிறகு மாவுக்கட்டு எத்தனை நாள்? அம்மாவுக்காகக் கேட்கிறேன்

கெடிலக்கரை · திங்கள், இரவு 9.40

வணக்கம். திருப்பாதிரிப்புலியூரிலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு வயது 61. தீபாவளிக்கு மறுநாள், விடாத மழையில், துணி துவைக்கிற கல் பக்கத்தில் பாசி வழுக்கி விழுந்துவிட்டார். வலது கையை ஊன்றியதில் மணிக்கட்டு மேல்பக்கமாகப் புடைத்துக் கோணிக்கொண்டது. மூன்றாம் நாள் புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன். உள்ளங்கைப் பக்கம் கீறி, பிளேட் வைத்து, ஏழு ஸ்க்ரூ போட்டிருக்கிறார்கள். எக்ஸ்ரேயில் பார்த்தால் கதவுக் கீல் மாதிரியே இருக்கிறது.

கையின் அடியில் மட்டும் மாவுக்கட்டு வைத்து, மேலே துணி சுற்றியிருக்கிறார்கள் (ஸ்லாப் என்றார்கள்). இரண்டு வாரத்தில் தையல் பிரிக்கும்போது அதையும் எடுத்துவிட்டு, கழற்றி மாட்டுகிற பட்டை கொடுப்பார்களாம். விரல்களை முதல் நாளிலிருந்தே மடக்கி நீட்டச் சொன்னார் டாக்டர்.

எங்கள் வீட்டில் பெரியம்மா டாக்டருக்கும் மேலே. "எலும்பு ஒட்ட ஒரு மண்டலம் ஆகும், அதுவரைக்கும் கையை அசைக்கவே கூடாது, அசைச்சா பிளேட்டு விலகிடும்" என்று சொல்லிவிட்டார். அம்மாவும் ஐந்து நாளாக விரலைக்கூட அசைக்கவில்லை. விரல்கள் பூவன் பழம் மாதிரி இருக்கின்றன. இரண்டு வாரமா, ஒரு மண்டலமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மஞ்சக்குப்பத்தான் · இரவு 10.05

அனுபவப்பட்டவன் சொல்கிறேன். பைக்கில் போகும்போது நாய் குறுக்கே வந்து விழுந்தேன். இதே மணிக்கட்டு, இதே ஆபரேஷன். முழுசாக ஆறு வாரம் கட்டு. இன்றைக்கு அந்தக் கையால் கேஸ் சிலிண்டர் தூக்குகிறேன். இரண்டு வாரத்தில் பிரிக்கிறேன் என்கிற டாக்டரை மாற்றுங்கள். உங்கள் பெரியம்மா சொல்வதுதான் சரி.

பாகூர்_ஏரி · இரவு 10.20

எனக்குப் பத்தாம் நாளே பிரித்துவிட்டார்கள். மூன்றாம் மாதம் கரும்பலகையில் எழுத ஆரம்பித்துவிட்டேன். நானும் பிளேட் கேஸ்தான்.

மஞ்சக்குப்பத்தான் · இரவு 10.24

மேடம், உங்களுக்கு 30 வயது இருக்கும். 61 வயது எலும்பும் அதுவும் ஒன்றா?

பாகூர்_ஏரி · இரவு 10.26

47. கேட்காமலே குறைத்ததற்கு நன்றி சார்.

லாஸ்பேட்டை_பிசியோ · இரவு 11.30

மஞ்சக்குப்பத்தான் சார், ஒரே ஒரு கேள்வி. உங்கள் கையில் கம்பி முனை தோலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்ததா? ஆமாம் என்றால் நீங்கள் இருவரும் இரண்டு வேறு ஆபரேஷன்களைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

கட்டு எதற்குப் போடுகிறோம்? சேர்த்து வைத்த எலும்பு திரும்ப நழுவாமல் இருக்க. ஆபரேஷன் இல்லாமல் இழுத்து வைத்துக் கட்டினால் அந்தச் சுமை முழுவதும் கட்டின் தலையில். கம்பி மட்டும் செருகினால் கம்பி பாதி, கட்டு பாதி. கம்பி மெல்லியது, வழவழப்பானது, தனியாக நின்று தாங்காது. அதனால் கம்பியை எடுக்கும்வரை, நான்கிலிருந்து ஆறு வாரம், கட்டும் இருக்கும். உள்ளங்கைப் பக்கம் வைக்கிற பிளேட் இப்போது பெரும்பாலும் லாக்கிங் பிளேட்தான். அதில் ஸ்க்ரூவின் தலையிலும் மரை, பிளேட்டின் துளையிலும் மரை. இரண்டும் கவ்விக்கொண்டு ஒரே சட்டமாகிவிடும். பழைய பிளேட்டில் ஸ்க்ரூ எலும்பைக் கடித்துப் பிடித்தால்தான் உண்டு. சொதசொத என்றிருக்கிற எலும்பில் அது நிற்காது, இது நிற்கும். 2000க்குப் பிறகு இந்த பிளேட் இவ்வளவு பரவியதற்கு வயதானவர்களின் எலும்பும் ஒரு காரணம்.

ஆகவே கெடிலக்கரை, அம்மாவுக்குப் போட்டிருக்கிற ஸ்லாப் பெரும்பாலும் எலும்புக்காக இல்லை. கீறின சதை ஆற, வலி அடங்க, வீக்கம் வடிய. அதற்கு இரண்டு வாரம் போதும்.

சீக்கிரம் அசைத்தவர்களையும் ஐந்தாறு வாரம் கட்டில் வைத்திருந்தவர்களையும் ஒப்பிட்டுப் பல ஆய்வுகள் வந்திருக்கின்றன. பொதுவாக, முதல் சில மாதம் சீக்கிரம் அசைத்தவர்கள் கை முன்னால் போகிறது. ஒரு வருடம் ஆகும்போது இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வந்துவிடுகிறார்கள். பெரியம்மா பேச்சைக் கேட்டால் கை போய்விடாது. ஆனால் அந்தச் சில மாதமும் தலை பின்னிக்கொள்ள, புடவைக் கொசுவம் வைக்க இன்னொருவர் வேண்டும்.

இதற்கு விலக்கு உண்டு. எலும்பு பல துண்டாக நொறுங்கியிருக்கலாம், சுண்டுவிரல் பக்கத்து மூட்டில் ஜவ்வு கிழிந்து அதையும் சரிசெய்திருக்கலாம், பிளேட்டோடு கம்பியும் போட்டிருக்கலாம். அப்போது டாக்டர் நாளைக் கூட்டுவார். உள்ளங்கை திரும்பாமல் இருக்க முழங்கைக்கு மேல்வரைகூடக் கட்டுவது உண்டு. உள்ளே திறந்து பார்த்தவர் அவர். நாள் கணக்கை அவரிடம் கேட்டு வாங்குங்கள், எங்களிடம் இல்லை.

அப்புறம், என்னைத் தூங்கவிடாதது மணிக்கட்டு இல்லை. ஐந்து நாளாக விரலை அசைக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான். வீக்க நீர் வெறும் தண்ணீர் இல்லை, புரதம் கலந்தது. தங்கிவிட்டால் கஞ்சி போட்ட வேட்டி மாதிரி உள்ளே விறைத்துவிடும். நாளைக் காலையிலேயே ஆரம்பியுங்கள். விரலை நேராக நீட்டுவது, கொக்கி மாதிரி மடக்குவது, முழுதாக மூடுவது, கட்டைவிரலால் ஒவ்வொரு விரல் நுனியையும் தொடுவது. மணிக்கு ஒருமுறை பத்துப் பத்து. டிவி பார்ப்பவர் என்றால் விளம்பரம் வரும்போதெல்லாம். முதல் இரண்டு நாள் கண்ணில் தண்ணீர் வரும், பரவாயில்லை. முழங்கை, தோளையும் அசைக்க வேண்டும். படுக்கும்போது கைக்குக் கீழே இரண்டு தலையணை, விரல்கள் நெஞ்சு மட்டத்துக்கு மேலே. தூளியிலேயே நாள் முழுக்கத் தொங்கவிட்டால் தோள் இறுகிவிடும். மணிக்கட்டுக்கு வந்து தோளுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டு போனவர்கள் நிறைய.

மஞ்சக்குப்பத்தான் · செவ்வாய், காலை 6.50

ஆமாம், மூன்று கம்பி. முனையை வளைத்து வெளியே விட்டிருந்தார்கள். ஆறாவது வாரம் ஓபியிலேயே, ஊசிகூடப் போடாமல், குறடு மாதிரி ஒன்றை வைத்து உருவினார் டாக்டர். வலிப்பதற்கு முன்னாலேயே மூன்றும் தட்டில் டிங் என்று விழுந்துவிட்டன. நானும் அதைத்தான் பிளேட் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என்ன போட்டார்கள் என்று டிஸ்சார்ஜ் காகிதத்தை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன்.

டாக்டரை மாற்றச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் 61 வயதில் இரண்டு வாரம் என்பது எனக்கு இன்னமும் திக்கென்றுதான் இருக்கிறது.

சிங்காரத்தோப்பு_அலை · காலை 7.30

கம்பி என்றதும் எங்கள் அண்ணன் ஞாபகம். படகு எஞ்சினைக் கைப்பிடி போட்டுச் சுற்றும்போது திருப்பி அடித்துக் கட்டைவிரல் பக்கத்து எலும்பு முறிந்தது. அந்தக் காலத்தில் காரைக் கைப்பிடி போட்டு ஸ்டார்ட் செய்யும் டிரைவர்களுக்கு இதே இடத்தில்தான் முறியுமாம், அதனாலேயே 'சோஃபர் முறிவு' என்று பெயர் என்றார் டாக்டர். கம்பி போட்டு ஆறு வாரம் கட்டு. அண்ணன் மூன்றாம் வாரமே படகேறிவிட்டார், சும்மா உட்கார்ந்துதான் வருவேன் என்று. உப்புத் தண்ணீர் கட்டுக்குள் இறங்கி, கம்பி நுழைந்த இடம் சீழ் வைத்து, கம்பியைச் சீக்கிரமே எடுக்கவேண்டியதாகிவிட்டது. மணிக்கட்டு ஒரு பக்கம் சாய்ந்தே ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் வலை இழுக்கிறார், ஆனால் இடது கையால். கம்பி வெளியே இருக்கிறவர்கள் கட்டை நனைக்காதீர்கள்.

முத்தியால்பேட்டை_மாடிவீடு · காலை 11.15

எனக்கும் பிளேட். ஆனால் எட்டு வாரம் கட்டு. அது என் தப்பும்தான். இரண்டாம் வாரம் வரச் சொன்ன அன்று ஆடிட்டிங். போகவில்லை. பிறகு போனபோது ஆபரேஷன் செய்தவர் விடுப்பில். பணியில் இருந்தவர் காகிதத்தைப் பார்த்துவிட்டு "இருக்கட்டும், சார் வரட்டும்" என்று இன்னொரு மாதம் தள்ளிவிட்டார். எந்த இடம் என்று சொல்லப்போவதில்லை. கூட்டத்தில் அவருக்கும் நேரமில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

மணிக்கட்டைவிட எனக்குப் போனது விரல்கள். ஸ்லாப் விரல் முட்டி தாண்டி வந்திருந்தது, ஒருவரும் கவனிக்கவில்லை. ஒரு சோதனை சொல்கிறேன். உள்ளங்கையில் விரல்களுக்குக் கீழே குறுக்காக ஓடுகிற முதல் கோடு, ஜோசியர் இருதய ரேகை என்பாரே, அது. கட்டு அதற்குள்ளேயே முடிந்துவிட வேண்டும். அந்த ரேகை மறைந்திருந்தால் விரல் அடியில் மடங்கவே மடங்காது, நீங்கள் எவ்வளவு முக்கினாலும். இதை நான் தெரிந்துகொண்டது பிசியோ மேசையில், ஒன்பதாவது வாரம்.

வில்லியனூர்_புத்தகப்பூச்சி · மதியம் 2.10

கொஞ்சம் பழங்கதை, பொறுத்துக்கொள்ளுங்கள். விழுந்து கையூன்றி இந்த இடம் முறிவதற்கு 'கோலிஸ் முறிவு' என்று பெயர். ஆபிரகாம் கோலிஸ் என்ற அயர்லாந்து அறுவை மருத்துவர் 1814இல் எழுதினார். எக்ஸ்ரே வந்தது 1895இல். அதாவது எலும்பைப் பார்க்காமலே, கையைத் தடவிப் பார்த்தே எழுதியிருக்கிறார். கோணல் ஆயுளுக்கும் போகாது, ஆனால் நாளாக நாளாக வலி போய்க் கை நன்றாக அசையும் என்பது அவர் கணிப்பு.

இன்னொன்று. ஒரு காலத்தில் மணிக்கட்டை உள்பக்கம் நன்றாக மடக்கி, சுண்டுவிரல் பக்கம் சாய்த்துக் கட்டுவார்கள். எலும்பு நன்றாக நிற்கும், ஆனால் நரம்பு நசுங்கும், விரல் விறைக்கும். அதனால் கைவிட்டார்கள். ஏன் என்று இப்போதே செய்து பாருங்கள். மணிக்கட்டை உள்பக்கம் முழுக்க மடக்கிக்கொண்டு விரல்களை இறுக்கி மூடுங்கள். மூடாது. அப்படியே மணிக்கட்டைக் கொஞ்சம் பின்னால் சாயுங்கள், விரல் தானாக மூடிக்கொள்ளும். இப்போது தருகிற பட்டையில் உள்ளங்கைத் தகடு லேசாகப் பின்னால் வளைந்திருப்பது இதற்காகத்தான்.

காணாமல்போனவன் · மதியம் 2.30

ஆபீஸில் கையை மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேனேஜர் என்ன ஆச்சு என்கிறார்.

கெடிலக்கரை · இரவு 8.15

எல்லோருக்கும் நன்றி. இருதய ரேகையைத் தேடினேன், காணவில்லை! கட்டு அதைத் தாண்டி ஒரு விரல்கடை மேலே இருந்தது. மதியமே பாண்டிச்சேரி பஸ் பிடித்துப் போனோம். அங்கே ஐந்து நிமிட வேலை. ஓரத்தை வெட்டி மடித்துவிட்டார்கள். தவளக்குப்பம் வருவதற்குள் அம்மா விரலை மடக்கிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். பாதிகூட மடங்கவில்லை, ஆனால் அசைகிறது.

மோதிரம் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். விழுந்த அன்றே கழற்றாமல் விட்டோம். மறுநாள் வீக்கத்தில் மாட்டிக்கொண்டு, மருத்துவமனையில் அறுத்துத்தான் எடுத்தார்கள். விழுந்தவுடன் மோதிரம், வளையல் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள்.

ஒரு சந்தேகம். இரவில் விண்விண்ணென்று இருக்கிறது என்கிறார். இது சாதாரணமா?

மூன்றாம்_ஷிப்ட் · இரவு 9.05

நான் நர்ஸ். கையைத் தலையணையில் உயர்த்தி, எழுதிக் கொடுத்த மாத்திரை போட்டு, அரை மணியில் குறைகிறதா பாருங்கள். குறைந்தால் வீக்க வலி. குறையாமல் ஏறிக்கொண்டே போனால், விரலை நீங்கள் பிடித்து மெல்ல நீட்டும்போது உயிர் போகிற மாதிரி கத்தினால், நகம் வெளுத்தோ நீலமாகவோ ஆனால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கட்டு இறுகியிருக்கலாம், சில மணி நேரத்தில் சதை செத்துப்போகும். பக்கத்தில் எந்த அவசரப் பிரிவு இருக்கிறதோ அங்கே ஓடுங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றும் மட்டும் மரத்துப்போனால் அது நரம்பு. அதையும் அன்றைக்கே சொல்ல வேண்டும்.

அரிப்புக்கு உள்ளே ஸ்கேலோ குச்சியோ விடாதீர்கள். தையல் மேலேயே கீறிக்கொண்டு வருகிறார்கள்.

நெல்லிக்குப்பம்_கரும்பு · புதன், காலை 9.20

பிளேட் வைத்த பிறகு புத்தூர் கட்டு போட்டால் சீக்கிரம் ஒட்டும் என்கிறார்களே? எண்ணெய் போட்டு உருவிவிடலாமா?

லாஸ்பேட்டை_பிசியோ · மதியம் 1.40

வேண்டாம் தம்பி. உள்ளே சட்டம் போட்டாகிவிட்டது, வெளியே இன்னொரு இறுக்கக் கட்டு எதற்கு? மூட்டைப் பிடித்து நெட்டி முறிப்பதும் உருவுவதும் புது எலும்புக்கு ஆகாது. தையல் பிரித்து, தழும்பு நன்றாக மூடிய பிறகு, தழும்பின் மேல் மட்டும் தேங்காய் எண்ணெய் தொட்டு மெல்ல வட்டமாகத் தேய்க்கலாம். தோல் அடியில் ஒட்டாமல் இருக்கும்.

கெடிலக்கரை, அம்மாவுக்கு எலும்பு அடர்த்தி பார்த்தார்களா? 61 வயதில் நின்ற உயரத்திலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்தால் டெக்ஸா ஸ்கேன் பார்க்க வேண்டும். மாதவிலக்கு நின்ற பிறகு எலும்பு இளைத்துக்கொண்டே வரும், அது முதலில் காட்டிக்கொடுக்கும் இடங்களில் மணிக்கட்டு ஒன்று. அடுத்தது இடுப்பாகிவிடக் கூடாது. கால்சியம், வைட்டமின் டி பற்றியும் கேளுங்கள். சில டாக்டர்கள் வைட்டமின் சி 500 மி.கி. 50 நாளுக்கு எழுதுவார்கள். எரிச்சலும் வீக்கமும் விடாமல் நீடிக்கிற ஒருவித வலி நோய் வராமலிருக்க. ஆய்வுகள் அதில் ஒருமித்துச் சொல்லவில்லை, எழுதிக் கொடுத்தால் சாப்பிடட்டும்.

கெடிலக்கரை · இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு

தையல் பிரித்து ஸ்லாப் எடுத்தாகிவிட்டது. கட்டுக்குள்ளிருந்து வந்த கை யாருடையதோ மாதிரி இருந்தது. தோல் செதில் செதிலாக, முழங்கைக்குக் கீழே சதை வற்றிப்போய். அம்மா அதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பட்டை கொடுத்திருக்கிறார்கள். பகலில் ஐந்தாறு முறை கழற்றி, வெந்நீரில் கை வைத்து மேலும் கீழும் அசைக்கிறார். காபி டம்ளருக்கு மேல் எடை தூக்கக் கூடாது, தரையில் ஊன்றி எழக் கூடாது, ஈரத்துணி பிழியக் கூடாது. ஆறாவது வாரம் எக்ஸ்ரே. பெரியம்மா ஒரு வாரம் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை.

மஞ்சக்குப்பத்தான் · அதே நாள்

பெரியம்மா பக்கம் நானும் ஒருத்தன் இருக்கிறேன் என்று சொல்லுங்கள், வருவார். எக்ஸ்ரே வந்ததும் மறக்காமல் எழுதுங்கள்.

கெடிலக்கரை · மார்கழி 3

எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது. பிளேட் அப்படியே, கோடு மங்கிவிட்டது. இனி பட்டை வெளியே போகும்போது மட்டும். எடை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம், நன்றாகத் தூக்குவது மூன்று மாதத்துக்குப் பிறகு. பிளேட்டை எடுக்க வேண்டியதில்லை, உறுத்தினால் மட்டும் வரச் சொன்னார்.

மார்கழி ஒன்றாம் தேதி அம்மா எழுந்து கோலம் போட்டார். என்னை எழுப்பவில்லை. ஏழு புள்ளிதான். ஆனால் மாவு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவில் ஒரே சீராக இறங்கியிருக்கிறது, கோடு எங்கேயும் தடிக்கவில்லை. படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

பாகூர்_ஏரி · மார்கழி 3

கோலம் கவிழ்ந்த கைக்கு. உள்ளங்கையை மேலே திருப்பச் சொல்லுங்கள். எனக்குக் கடைசியாக வந்தது அதுதான். கடையில் சில்லறை வாங்கும்போது உள்ளங்கை பாதி திரும்பி நின்றுவிடும், காசு உருண்டு ஓடும்.

லாஸ்பேட்டை_பிசியோ · மார்கழி 4

சரியாகச் சொன்னார். முழங்கையை விலாவில் ஒட்டிவைத்து, கையில் ஒரு கரண்டியைப் பிடித்து, கரண்டியை இரு பக்கமும் மெல்லச் சாய்க்கச் சொல்லுங்கள். முழங்கை விலகினால் கணக்கில் சேராது, தோள் கள்ளத்தனமாக உதவி செய்யும். அப்புறம், உள்ளங்கையை மேசையில் கவிழ்த்து வைத்துக் கட்டைவிரலை மட்டும் மேலே தூக்கச் சொல்லுங்கள். வாரம் ஒருமுறை போதும். என்றைக்காவது திடீரென்று தூக்க முடியாமல் போனால் நரம்பு மாதிரி ஓடுகிற அந்த நாண் அறுந்திருக்கலாம். வலிக்கவில்லையே என்று விட்டுவிடக் கூடாது.

கெடிலக்கரை · தை, மூன்றாம் சனி

இன்றைக்குத் திருவந்திபுரம் போயிருந்தோம். தீர்த்தத்துக்கு அம்மா வலது கையை நீட்டினார். உள்ளங்கை முக்கால்வாசிதான் திரும்பியது. பட்டர் ஊற்றியதில் பாதி சுண்டுவிரல் பக்கமாக வழிந்து மணிக்கட்டுத் தழும்பு மேலேயே ஓடியது. பட்டர் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு இன்னொரு உத்தரணி ஊற்றினார். இந்த முறை அம்மா இடது கையைக் கீழே முட்டுக்கொடுத்து வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் கரண்டியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார், சாப்பிடக்கூட இல்லை.

மஞ்சக்குப்பத்தான் · அதே நாள்

முழங்கை விலாவில் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.